காயலான் கடைப் பந்தல்: வாசகர் கேள்வி-பதில்

ஆனி பிறந்ததும் பந்தல் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: கல்தூணும் புதுக் கம்பியும் வாங்காமல், வீட்டிலும் காயலான் கடையிலும் கிடைப்பதை வைத்துப் பந்தல் போட முடியுமா? முடியும். எந்த இடத்தில் கஞ்சம் பார்க்கலாம், எந்த இடத்தில் பார்க்கக்கூடாது என்று தெரிந்தால் போதும்.

வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அடி இடம் இருக்கிறது. போன வருடம் மூங்கில் நட்டு, நைலான் கயிறு கட்டிப் புடலும் பாகலும் ஏற்றினோம். ஆடிக்காற்றில் காய்த்த கொடியோடு பந்தல் கிழக்கே சாய்ந்து படுத்துவிட்டது. ஒரு மூங்கில்கூட முறியவில்லை. என்ன தவறு?
– உடுமலைப்பேட்டை வாசகர்

மூங்கில் முறியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. கம்பு தோற்கவில்லை, காலடி மண் தோற்றிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உங்கள் பக்கம் வாரக்கணக்கில் நிற்காமல் அடிக்கும். இலை அடர்ந்த பந்தல் அதற்குப் பாய்மரம் மாதிரி. ஒன்றரை அடி ஆழத்தில் நின்ற கம்பு தினம் கொஞ்சமாக ஆடி, குழியைக் கிண்ணம்போல் அகலமாக்கிக்கொள்ளும். நீர் பாய்ச்சிய ஈரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒருநாள் காய்ப்பாரமும் காற்றும் சேர்ந்தால் மொத்தமும் சாயும். தடித்த கம்பாக மாற்றினாலும் இதே கதைதான். பந்தலுக்கு ஸ்டே வேண்டும், அதாவது கம்பின் தலையிலிருந்து வெளியே தரைக்கு இழுத்துக் கட்டும் கட்டு.

கட்டுமானச் சாரம் கட்டுபவர்கள் கழித்துப்போடும் சவுக்குக் கம்புகளைக் கேட்டுப் பாருங்கள். இரும்புச் சாரம் வந்தபின் பல ஊர்களில் இவை சும்மா கிடக்கின்றன. நன்றாகக் காய்ந்தவை என்பதால் கட்டு தளராது. பச்சைக் கம்பு காயும்போது சுருங்கும், இரண்டு மூன்று வாரத்தில் எல்லாக் கட்டையும் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். நீளவாக்கில் ஆழமாக வெடித்ததை மட்டும் ஒதுக்குங்கள். சிமென்ட் ஒட்டியிருந்தால் பரவாயில்லை.

மூலைக்கு மணிக்கட்டுக் கனத்தில் எட்டரை அடிக் கம்பு நான்கு. பக்கங்களின் நடுவில் நான்கு, மையத்தில் ஒன்று என எட்டடிக் கம்பு ஐந்து. மேலே படுக்கை வைக்க, கொஞ்சம் மெலிந்த பதினோரு அடிக் கம்பு ஆறு. இவற்றோடு விரல் கனத் தென்னங்கயிறு, பழைய வேலிக் கம்பி சிறிது, கனமான கல் ஆறு.

மூலைக்குழி இரண்டடி ஆழம், மற்றவை ஒன்றரை அடி. கடப்பாரையால் குறுகலாகத் தோண்டுங்கள். மண்வெட்டியால் அகலமாக வெட்டினால் நிரப்பும் மண் முழுக்கப் பொலபொலவென்று இருக்கும். அரை அடிக்கு ஒருமுறை ஓட்டுச்சில்லும் மண்ணும் போட்டு, கடப்பாரையின் தட்டைப் பக்கத்தால் கெட்டிக்க வேண்டும். எல்லாத் தலையும் ஆறரை அடி உயரத்தில் ஒரே மட்டமாக நிற்கும். மூலைக்கம்பின் தலை மட்டும் அரை அடி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். கயிறும் காயும் உள்ளே இழுக்க இழுக்க அது நிமிரும். நேராக நட்டால் உள்ளே சாயும்.

அடுத்தது ஸ்டே. மூலையின் தலையிலிருந்து மூலைவிட்டமாக வெளியே ஐந்தடி தள்ளி, இரண்டடி ஆழத்தில் கல்லைப் புதைக்க வேண்டும். மிக்ஸி வந்தபின் கொல்லையில் கிடக்கும் உடைந்த அம்மி இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இரண்டடி மண்ணுக்குள் போன அம்மி பறக்காது. கல்லைச் சுற்றிக் கயிறு கட்டாதீர்கள், மண்ணுக்குள் மக்கிவிடும். கல்லிலிருந்து தரைக்கு மேல் ஓரடி வரை வேலிக் கம்பி, அதிலிருந்து தலை வரை கயிறு. காற்று மேற்கிலிருந்து தள்ளுவதால் இழுபடுவது மேற்கு ஸ்டேதான். எனவே மேற்கு மூலைகள் இரண்டுக்கும் நேர் மேற்கே இன்னொரு ஸ்டே கூடுதலாகப் போடுங்கள். ஆறு கல் என்றது அதனால்தான். சுற்றுச்சுவர் இடித்து வெளியே இடமில்லை என்றால், உள்பக்கமிருந்து சாய்வாக ஒரு முட்டுக்கம்பு கொடுத்து, அதன் அடியில் தட்டைக்கல் வையுங்கள்.

மேல்கம்பைத் தலையில் கட்டும்போது பெருக்கல் குறிபோல் மூன்று சுற்றுச் சுற்றுவதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு, இரண்டு கம்புக்கும் நடுவே கயிற்றைப் புகுத்தி, போட்ட சுற்றுகளையே இடுப்பைப் பிடித்து நெரிப்பதுபோல் இரண்டு சுற்று இறுக்க வேண்டும். கட்டு நிற்பது அந்த இரண்டு சுற்றில்தான். கயிற்றை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் வளைந்து கொடுத்துக் கம்பில் பதியும்.

மேற்பரப்பில் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கயிறு. நடுக்கம்பு இருக்கும் இடம் போக ஒரு திசைக்கு எட்டு, மொத்தம் பதினாறு வரி. சுற்றிக்கட்டும் நீளத்தையும் சேர்த்து 200 அடி வைத்துக்கொள்ளுங்கள். கட்டங்களை அரை அடியாகக் குறுக்க வேண்டாம். பிஞ்சு மேலேயே சிக்கிக்கொண்டு வளைந்து போகும், அறுக்கவும் கை நுழையாது.

விதைப்பில் ஒரு வார்த்தை. புடலுக்கு வரிசை இடைவெளி இரண்டரை மீட்டர், குழி இடைவெளி இரண்டு மீட்டர் வேண்டும். பத்துக்குப் பத்தில் நான்கு மூலைக்கு நான்கு குழி, குழிக்கு இரண்டு செடி, அவ்வளவுதான். எட்டுக் குழி போட்டால் இலை மேல் இலை ஏறி, அடியில் வெயிலே படாமல், பாரம் மட்டும் கூடும். விதை ஊன்றும் முன்பே கம்பு நட்டுவிடுங்கள். செடி வந்தபின் கடப்பாரை போட்டால் வேர் அறும்.

சவுக்குக் கம்பு நட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழை முடிந்ததும் தரையோடு தரையாக ஒடிந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் மண்ணுக்குள் இருந்த அடிநுனி புதுக்கம்பு மாதிரி இருக்கிறது! அடுத்த தடவை தார் பூசலாமா? கான்கிரீட் போடலாமா?
– கும்பகோணம் வாசகி

நீங்கள் பிடுங்கிப் பார்த்தது நல்லது. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் ஒன்றாக வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. இரண்டும் சந்திப்பது தரைமட்டத்துக்கு மேலும் கீழும் ஒரு சாண். களிமண் பூமியில் அந்த ஒரு சாண் மாதக்கணக்கில் நனைந்தே இருக்கும். கறையான் ஏறுவதும் அதே இடத்தில். எனவே அடிநுனிக்கு மட்டும் தார் பூசுவது வீண்வேலை.

பட்டை உரிக்காமல் நட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் தங்கும், பூச்சிக்கும் அது கூடாரம். உரித்து நிழலில் காயவிட்ட பிறகே எதையும் பூசுங்கள். ஈரக்கம்பில் தார் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது. நுனியைத் தீயில் வாட்டுவது பழைய வழக்கம். அதனால் பயன் உண்டு என்றாலும் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. கரி ஒரு மெல்லிய தோல்தான், வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். வாட்டுவதாக இருந்தால் நட்டபின் தரைக்கு மேல் ஒரு சாண் கறுப்புத் தெரியும் அளவுக்கு வாட்டுங்கள்.

கான்கிரீட் வேண்டாம். மரம் கோடையில் சுருங்கும், கான்கிரீட் சுருங்காது. நடுவில் விழும் இடைவெளியில் மழைநீர் இறங்கி, வடிய வழியில்லாமல் கிண்ணத்தில் ஊறவைத்ததுபோல் நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் கழிக்கும் எஞ்சின் ஆயிலைப் பூசச் சொல்பவர்கள் உண்டு. அதில் உலோகக் கசடு இருக்கிறது. பாகற்காய் வேர் ஓடும் மண்ணில் அதை ஊற்றாதீர்கள். பழைய ரயில்வே கட்டைகளுக்கும் இதையே சொல்வோம். அவற்றில் ஏற்றியிருக்கும் எண்ணெய் உண்ணும் செடிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது.

காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். மரத்தை மண்ணில் படாமல் நிறுத்துங்கள். உடைந்த வேலிக்கல்லோ, கனமான இரும்புக் குழாயோ நான்கடித் துண்டாகத் தேடுங்கள். இரண்டடி மண்ணில், இரண்டடி வெளியே. கம்பை அதன் பக்கவாட்டில், தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி, தரையிலிருந்து அரை அடியில் ஒரு கட்டும் ஒன்றரை அடியில் ஒரு கட்டும் போட்டு நிறுத்துங்கள். கட்டு ஒன்றே ஒன்று என்றால் கம்பு சுழலும், இரண்டு கட்டாயம். கம்பு நனையும், ஆனால் உடனே காயும். நாளைக்கு ஒரு கம்பு போனாலும் குழி தோண்டாமல் அவிழ்த்து மாற்றிவிடலாம்.

பந்தல் மூங்கிலிலிருந்து மாவு மாவாகக் கொட்டுகிறது. தினமும் பெருக்குகிறேன். கறையானா? மருந்து அடிக்கலாமா?
– தென்காசி வாசகி

கறையான் மாவு கொட்டாது, மண்ணைப் பூசிக்கொண்டு ஏறும். இது மூங்கிலைத் துளைக்கும் சிறு வண்டு. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடி வருகிறது. இளமூங்கிலில் நிலைமை மோசம். மூன்று வயது தாண்டிய மூங்கிலை மழைக்காலம் முடிந்து வெட்டினால் மாவுச்சத்து குறைவாக இருக்கும். கொட்டத் தொடங்கியபின் மேலே மருந்து தெளித்துப் பயனில்லை, புழு உள்ளே இருக்கிறது. காய் அறுக்கும் பந்தலில் தெளிக்கவும் கூடாது. கையால் வளைத்துப் பாருங்கள், நறநறவென்றால் அந்தக் கம்பை மாற்றிவிடுங்கள்.

புது மூங்கிலுக்கு இரண்டு வழி. குளத்திலோ தொட்டியிலோ கல்லேற்றி முழுக அமுக்கி ஒரு மாதமாவது ஊறப்போடுவது ஒன்று. மாவுச்சத்து கரைந்து வெளியேறும். நாறும், அதுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பிறகு நிழலில் நிற்கவைத்து உலர்த்துங்கள். இன்னொன்று வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும். பத்து லிட்டர் தண்ணீருக்கு வெண்காரம் 300 கிராம், போரிக் அமிலம் 200 கிராம். வெந்நீரில் கரைத்து, கணுக்களின் உள்தடுப்பை நீளக் கம்பியால் குத்தித் திறந்து, ஒரு வாரம் மூழ்கவிட வேண்டும். மேலே தடவினால் உள்ளே போகாது. மிஞ்சிய கரைசலைச் செடிக்கு ஊற்றாதீர்கள், போரான் மிகுந்தால் இலை ஓரம் கருகும். மழை இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும் என்பதால் படுக்கைக் கம்புக்கு இது சரி, மண்ணில் நடும் காலுக்குப் போதாது.

காலுக்கு என்றால் உள்ளே கெட்டியான கல்மூங்கில் வாங்குங்கள். பொந்து மூங்கிலை மேல்பக்கம் வெட்டும்போது கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டினால் ஒவ்வொரு கம்பும் ஒரு தம்ளர் மழைநீரைப் பிடித்துவைக்கும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தத் தம்ளர் தாராளம். ஏற்கெனவே அப்படி வெட்டியிருந்தால் களிமண்ணைத் திணித்து மூடுங்கள்.

சொந்த நிலத்து மூங்கிலை வெட்டலாமா என்றும் துணைக்கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இந்திய வனச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கிவிட்டது. காட்டு மூங்கில் அப்படியல்ல, அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது மாடி மொட்டைமாடியில் இருபது வளர்ப்புப் பைகள் வைத்திருக்கிறோம். தரையில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். பழைய பெயின்ட் வாளி நாலைந்து, துணி பிய்ந்துபோன இரும்புக் கட்டில் ஒன்று, டேபிள் ஃபேன் கூண்டு இரண்டு இருக்கின்றன. இவற்றால் ஆகுமா?
– சென்னை, மடிப்பாக்கம் வாசகி

வீட்டுக்காரர் சொல்வது சரி. மாடியின் தட்டோட்டில் ஒரு துளை போட்டால் அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். உங்கள் பட்டியலே ஒரு நல்ல பந்தலுக்குப் போதும்.

இருபது லிட்டர் வாளியின் அடியில், நடுவில், ஒரு ரூபாய் நாணய அளவு துளை போடுங்கள். அதன்மேல் இரண்டரை அங்குல பிவிசி குழாயின் ஒன்றரை அடித் துண்டை நிறுத்துங்கள். சுற்றிலும் ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல், ஆறு பங்கு ஜல்லிக் கலவையை முக்கால் வாளி நிரப்புங்கள். குழாயின் அடிவாய்க்குள் கலவை புகாமல் இருக்க, ஒரு பிளாஸ்டிக் உறையில் மணல் நிரப்பிக் குழாய்க்குள் இறக்கிவைத்து, கெட்டியானதும் எடுத்துவிடலாம். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். அடித்துளையை மறந்தால் குழாய்க்குள் தண்ணீர் நின்று, கம்பும் மக்கும், கொசுவும் வரும். இப்படி ஒரு வாளி சுமார் 35 கிலோ வரும். கம்பைக் குழாயில் இறக்கி மர ஆப்பு அடித்தால் ஆடாது, வேண்டாதபோது உருவிவிடலாம்.

ஆனால் 35 கிலோ வாளியில் நிற்கும் தனிக்கம்பு காற்றுக்கு நிற்காது. நான்கு வாளிகளை ஆறுக்கு நான்கு அடியில் வைத்து, நான்கு தலையையும் படுக்கைக் கம்பால் பிணைத்து, எதிரெதிர் மூலைகளை மூலைவிட்டமாகக் கயிறு கட்டினால்தான் பெட்டிபோல் நிற்கும். ஒரு பக்கத்தைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்துச் சுவர்த்தூணோடு கட்டுங்கள். வாளிகளை மாடியின் நடுவில் வைக்காதீர்கள். கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடம் பார்த்து வையுங்கள். உயரம் ஆறடிக்கு மேல் வேண்டாம்.

கட்டிலைச் சுவரில் சாய்த்து, கால்களைச் சுவர்ப்பக்கம் வைத்தால் சுவருக்கும் சட்டத்துக்கும் ஓரடி இடைவெளி தானாகக் கிடைக்கும். குறுக்கே கயிறு பின்னினால் பாகலுக்கு, வெள்ளரிக்கு முதல்தரமான ஏணி. இந்த இடைவெளி இல்லாமல் கொடியைச் சுவரில் அப்பவிடுபவர்கள் அதிகம். பங்குனி வெயிலில் சுவர்ச் சூடு அந்தப் பக்கத்து இலையை வாட்டிவிடும். ஃபேன் கூண்டை ஐந்தடிக் கம்பின் தலையில் குடைபோல் கவிழ்த்துக் கட்டி, ஓரத்திலிருந்து பைக்குள் எட்டுக் கயிறு இறக்குங்கள். கொடிப்பசலையும் சங்குப்பூவும் ஏறும். சுரைக்கு இது தாங்காது.

மின்வயர் ஓட்டும் பிவிசி குழாயை வளைத்து வளைவுப் பந்தல் செய்யலாமா என்று இன்னும் மூன்று மாடித்தோட்டக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். பத்தடிக் குழாய் ஒன்றை நான்கடி இடைவெளியில் வளைத்தால் உயரமும் நான்கடிதான் வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளரிக்குச் சரி, பீர்க்கங்காய் தரையைத் தட்டும். வெறும் குழாய் இரண்டு மூன்று கோடையில் நொறுங்கத் தொடங்கும். வெள்ளை பெயின்ட் ஒரு கோட் அடித்தால் கூடுதலாக உழைக்கும்.

2016 டிசம்பரில் வந்த வர்தா மாதிரிக் காற்றுக்கு எந்த மாடிப் பந்தலும் நிற்காது, நிற்கவைக்கவும் முயலாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மேலே கட்டிய கயிற்றை அறுத்துக் கொடியோடு தரையில் படுக்கவைத்து, கம்புகளை உருவி உள்ளே வைத்துவிடுங்கள். மூன்றாவது மாடியிலிருந்து பறக்கும் கம்பு தெருவில் யார்மீதாவது விழும்.

மீன்பிடித் துறைமுகத்தில் கழித்த நைலான் வலை மூட்டைக்கணக்கில் கிடைக்கிறது. பந்தலுக்கு ஆகுமா?
– நாகப்பட்டினம் வாசகர்

கண் பார்த்து எடுங்கள். கை தாராளமாக நுழையும் கண் என்றால் ஆகும். இரண்டு விரல் நுழையும் சின்னக்கண் வலை வேண்டவே வேண்டாம்: காய் மாட்டி நெரியும், கொடி பிடித்து ஏறும் பற்றுச்சுருளைப் பிரிக்க முடியாது. முக்கியமாக, பாம்பு சிக்கும். எலியைத் தேடிவரும் சாரைப்பாம்பு தலையை நுழைத்தால் செதில் பின்னோக்கிப் போக விடாது, இழுக்க இழுக்க நைலான் சதையை அறுக்கும். எந்த வலையானாலும் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஓரடி மேலே நிற்கட்டும். அந்த ஓரடிக்குச் செடி ஏற ஒரு குச்சி ஊன்றினால் போதும்.

உப்பைக் கழுவாமல் கட்டாதீர்கள். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி அலசுங்கள். ஈயக்குண்டு கோத்த அடிக்கயிறு இருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள், காய்கறித் தோட்டத்தில் ஈயத்துக்கு வேலை இல்லை.

வீடு இடித்தபோது கழற்றிய ஜன்னல் கிரில்கள் ஆறு இருக்கின்றன. பெயின்ட் உரிந்து தொங்குகிறது. சுரண்டிவிட்டு அவரைக்கு நிறுத்தலாமா?
– மதுரை வாசகர்

கிரில் நல்ல சரக்கு. சுரண்டுவதில்தான் சிக்கல். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு வண்ணங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ச் சுரண்டலில் பறக்கும் தூள் மூச்சிலும் மண்ணிலும் போய்ச் சேரும். உரியும் பெயின்டைத் தோட்டத்துக்கு வெளியே, கீழே பழைய பேனர் விரித்து, தண்ணீர் தெளித்து நனைத்தபடி சுரண்டி, செதில்களைக் கூட்டிக் கட்டித் தனியாகப் போடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், மேலே புது பெயின்ட் ஒரு கோட். அவ்வளவு மெனக்கெட மனமில்லை என்றால் கிரிலை முல்லைக்கோ சங்குப்பூவுக்கோ கொடுத்துவிடுங்கள்.

இரும்பு மதிய வெயிலில் சுடும். இளங்கொடி முதலில் பிடிக்கும் கீழ் இரண்டடிக்குத் தென்னங்கயிறு சுற்றிவிட்டால் பற்றுச்சுருள் கருகாது, பிடிப்பும் கிடைக்கும்.

எங்கட வளவு வேலி முழுக்கக் கிளுவைக் கதியால். அதிலேயே பாகலும் பயற்றங்கொடியும் ஏற்றலாமா, இல்லாவிட்டால் தனியாகப் பந்தல் போட வேணுமா? புதுக் கதியால் எப்ப நடுகிறது நல்லது?
– யாழ்ப்பாணம் வாசகர்

வேர் பிடித்து இரண்டு மாரி கண்ட கதியாலில் (துளிர்த்து உயிர்வேலியாகும் கம்பில்) தாராளமாக ஏற்றலாம். மண்ணில் மக்காத கால் என்று ஒன்று இருந்தால் அது உயிரோடு இருக்கும் கால்தான். இங்கே வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நட்டு ஏற்றுவதும் இதே கணக்கு. பந்தலின் கயிற்றை ஒருபக்கம் வேலியிலும் மறுபக்கம் நட்ட கம்பிலும் கட்டினால் பாதிச் செலவு மிச்சம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. குழியை வேலியிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் கிளுவை வேர் தண்ணீரைக் குடித்துவிடும். கொடி ஏறும் காலத்தில் கதியாலின் தழையை அடிக்கடி வெட்டிக் கழிக்க வேண்டும், இல்லையேல் நிழலில் பூ வராது. கயிற்றைக் கதியாலைச் சுற்றி இறுக்கக் கட்டாதீர்கள். அது பருக்கும்போது கயிறு பட்டைக்குள் புதைந்து, அந்த இடத்தில் காற்றுக்கு ஒடியும். தளர்வான வளையம் போதும்.

புதுக் கதியால் மாரி மழைக்குச் சற்று முன். மணிக்கட்டுக் கனம், ஆறடி நீளம். அடியைச் சரிவாக வெட்டி, சில நாள் நிழலில் சாய்த்து வெட்டுவாய் காய்ந்தபின், ஒன்றேகால் அடி ஆழத்தில் நடுங்கள். வெட்டியவுடன் ஈரமண்ணில் நட்டால் அடி அழுகும். முதல் வருடம் பாரம் ஏற்றாதீர்கள்; துளிர் வந்ததை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். கம்பில் இருக்கும் சத்திலேயே துளிர் வந்துவிடும், வேர் பிறகுதான் வரும்.

முருங்கைப் போத்து (நடும் கிளைத்துண்டு) வேகமாக வளரும், ஆனால் மரம் வெண்டைக்காய் மாதிரி ஒடியும். கம்பளிப்பூச்சித் தொல்லை வேறு. மிளகு ஏற்றக் காலங்காலமாக இருந்த கல்யாண முருங்கையை 2000-களின் நடுவில் வந்த முடிச்சுக் குளவி (இலையிலும் தண்டிலும் முடிச்சு விழவைக்கும் சிறு பூச்சி) தென்னிந்தியாவில் பல இடங்களில் தீர்த்துக்கட்டியது. அதை நம்பிப் புதிதாக நட வேண்டாம்.

சீமைக்கருவேலம் ஊரெல்லாம் கிடக்கிறது. பந்தல்கால் ஆகுமா? பருத்திமாரை என்ன செய்யலாம்?
– விருதுநகர் வாசகர்

கருவேலம் கோணலாக இருக்கும், ஆனால் வைரம் பாய்ந்த கட்டை சவுக்கைவிட நன்றாக உழைக்கும். வெளியே இருக்கும் வெளிர்மஞ்சள் மரம் துளைப்பூச்சிக்குத் தீனி, உள்ளே இருக்கும் கருஞ்சிவப்புத்தான் வைரம். வெட்டுமுகத்தில் முக்கால்வாசி சிவப்பு இருந்தால் எடுங்கள். பட்டையைப் பச்சையாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள், காய்ந்தால் வராது. கவட்டை உள்ள கிளையாகப் பார்த்து வெட்டினால் மேல்கம்பைக் கட்டாமலே கவட்டையில் உட்கார வைக்கலாம். முள்ளை ஒன்றுவிடாமல் செதுக்கி, உடனே பொறுக்கி எரித்துவிடுங்கள். டயரையே குத்திவிடும், வெறுங்காலை விட்டுவைக்குமா?

பருத்திமார் (பருத்தி எடுத்தபின் மிஞ்சும் காய்ந்த செடி) மூன்றடி உயரக் கொடிக்கு ஊன்றுகோலாகச் சரிதான். ஆனால் மாவுப்பூச்சியும் காய்ப்புழுவும் அதில் தங்கித் தோட்டத்துக்கு வரும். துவரைமார் கிடைத்தால் அதையே ஊன்றுங்கள். கிளைகிளையாக இருப்பதால் கயிறே வேண்டாம்.

கொடியைக் கட்டக் கட்டுக்கம்பி, பிளாஸ்டிக் நூல், பழைய சேலை, எது நல்லது? சீசன் முடிந்ததும் பந்தலை அப்படியே விடலாமா, பிரிக்க வேண்டுமா?
– தருமபுரி வாசகி

கட்டுக்கம்பி தண்டை அறுக்கும், பிளாஸ்டிக் நூல் வெயிலில் தூளாகி மண்ணில் கலக்கும். சைக்கிள் ட்யூபை அரை அங்குல நாடாவாக வெட்டிவைத்துக்கொள்ளுங்கள். கொடி பருக்கப் பருக்கத் தானும் விரியும், அதற்கு நிகரில்லை. பஞ்சர் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். கட்டும்போது கம்பை ஒரு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, பிறகு தண்டைச் சுற்றித் தளர்வான வளையம். எட்டு என்ற எண்ணைப்போல் வரும். அந்த முறுக்கு இல்லாவிட்டால் காற்றில் தண்டு கம்போடு உரசிப் புண்ணாகும். சேலையைச் சுரைக்காய்க்குத் தொட்டில் கட்டப் பயன்படுத்துங்கள். பாலியெஸ்டர் சேலை தாங்கும். நூல் சேலை ஒரு மழைக்காலத்தில் இற்று, காயோடு விழும்.

பந்தலைப் பிரிக்கத்தான் வேண்டும். கடைசிக் காய் அறுத்ததும் கொடியைத் தரையோடு வெட்டி, பத்து நாள் அப்படியே விடுங்கள். பச்சையில் கம்பிபோல் பிடித்திருக்கும் பற்றுச்சுருள் காய்ந்தபின் குச்சியால் தட்டினாலே உதிரும். இலையில் மஞ்சள் திட்டு விழுந்த கொடிகளை மட்டும் காயவிடாமல் உடனே பிடுங்கி அகற்றுங்கள், நச்சுயிரியைச் சுமக்கும் அசுவினியும் வெள்ளை ஈயும் அதிலிருந்துதான் அடுத்த செடிக்குப் போகும். தென்னங்கயிறு இழுத்தால் அறுந்தால் உரக்குழிக்கு. அறாவிட்டால் சுருட்டிக் கொட்டகையில் தொங்கவிடுங்கள். கம்புகளைத் தாழ்வாரத்தில் செங்கல்மேல் படுக்கவைப்பதற்கு முன், தரைமட்டம் இருந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த இடத்தோடு அறுத்துவிடுங்கள். மிஞ்சிய ஆறடி, வேலிக்கல் துண்டில் கட்டிய காலாகவோ வெள்ளரிக்கு ஊன்றுகோலாகவோ இன்னும் ஒரு பருவம் ஓடும்.